ஆணி அடிக்காத வீட்டில் ஓர் அலமாரி

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர்கள் பொதுவாக மூன்று கேள்வி கேட்பார்கள். என்ன வேலை, எத்தனை பேர், எந்த ஊர். எந்த ஊர் என்பதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கும். அது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். வெள்ளத்தாய் மட்டும் இவற்றை எல்லாம் கடைசியில்தான் கேட்பார். அவருடைய முதல் கேள்வியே வேறு.

"ஆணி அடிப்பியளா?"

வீடு கேட்டு நின்ற மாரிக்கனி, "அடிக்க மாட்டேன் பெரியம்மா" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டாள். சுவர்ப் பூச்சு உதிரக்கூடாது என்கிற கவலை போலிருக்கிறது என்று நினைத்தாள். விஷயம் பூச்சைப் பற்றியதே இல்லை என்பது குடிவந்து பால் காய்ச்சிய பிறகுதான் தெரிந்தது.

அவள் வருவதற்கு ஒரு வருடம் முன்னால் அதே வாடகைப் பகுதியில் குடியிருந்த ஒருவர் சாமி படம் மாட்டுவதற்காக ஒரு ஆணி அடித்தார். சுவரின் மறுபக்கம் வெள்ளத்தாயின் கணவர் பால்ச்சாமி நாற்காலியில் உட்கார்ந்து பால்கோவா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவுக்கே ஏட்டையா. மூன்றாவது அடிக்கு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ராஜபாளையத்தில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். கொழுப்பு, சர்க்கரை, முப்பது வருடமாகக் குடித்த சிகரெட் என்று டாக்டர் ஒரு பட்டியலே படித்தார். வெள்ளத்தாய் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாகச் சுவரில் இருந்த ஆணிகளை எல்லாம் பிடுங்கினார். அப்படியே அந்தக் குடித்தனக்காரரையும் பிடுங்கி வெளியே அனுப்பினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுச் சுவர்களில் ஒரு பொருளும் தொங்கியதில்லை. காலண்டர் மிக்ஸியின் மேல் சாய்ந்திருக்கும். கடிகாரம் ஃப்ரிட்ஜின் மேல் மல்லாந்து படுத்திருக்கும். மணி பார்க்க வேண்டுமானால் எக்கி நின்று எட்டிப் பார்க்க வேண்டும். முகம் பார்க்கிற கண்ணாடி அரிசி டிரம்மில் சாய்ந்து நின்றது. ஒரு காலத்தில் திருடர்களை நடுநடுங்க வைத்த ஏட்டையா, இப்போது தினமும் காலையில் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து தலை சீவிக்கொள்வார். வாடகைப் பகுதிக்கும் அதே சட்டம்தான். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். வெள்ளத்தாயின் மருத்துவ ஆராய்ச்சிப்படி, இந்தப் பக்கம் அடிக்கிற ஆணி நேராக அந்தப் பக்கம் இருக்கிற நெஞ்சில்தான் இறங்கும்.

மாரிக்கனி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வேலைக்குப் போகிற ராஜபாளையம் பஸ்ஸில், தன்னோடு வேலை பார்க்கும் பெண்களுக்குக் கையும் நெஞ்சுமாக நடித்துக் காட்டினாள். அவர்களும் சிரித்தார்கள். அந்த அரை மணி நேரப் பயணத்தில் வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது?

வேறு வீடு பார்த்திருக்கலாம்தான். ஆனால் இந்த வீட்டுக்கு எதிர்த்த தெருவில்தான் மகள் லிங்கேஸ்வரி படிக்கும் பள்ளிக்கூடம். பிளஸ் டூ. சாயங்காலம் தனி வகுப்பு முடிய ஏழு மணி ஆகிவிடும். ஐந்து நிமிடத்தில் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாள். இதை விட்டால் மம்சாபுரத்தில் மாமனார் வீடு. அங்கே மூன்று குடும்பம், நாலு ஆடு, எந்நேரமும் அலறுகிற ஒரு டிவி. அந்த வீட்டில் பன்னிரண்டாவதைத் தாண்டியவர் இதுவரை எவரும் இல்லை. லிங்கேஸ்வரி தாண்டியே ஆக வேண்டும் என்று மாரிக்கனி முடிவு செய்திருந்தாள். ஆணி அடிக்காமல் வாழ்வது அதைவிடப் பெரிய கஷ்டம் இல்லை என்று நினைத்தாள்.

கஷ்டம்தான். வீட்டில் சுவர் அலமாரி கிடையாது, பரண் கிடையாது. மளிகைச் சாமான் எல்லாம் தரையில். துணிமணி மூட்டையில். புத்தகங்கள் ஒரு உரச் சாக்கில். பிள்ளை இயற்பியல் புத்தகத்தைத் தேடிச் சாக்குக்குள் தலையை விட்டால் வேதியியலோடு வெளியே வருவாள். காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் தவறியும் போனாள். சாக்குதான் காரணம் என்று சொல்ல முடியாது. சாக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது.

மாரிக்கனியின் கணவர் விஜயபாண்டி ராணுவத்தில் இருக்கிறார். தேசத்தின் எல்லையைக் காக்கிறார்; வீட்டின் நான்கு எல்லைகளை வீடியோ காலில் பார்த்துக்கொள்வார்.

"பொறுத்துக்க கனி. லீவுல வந்து தேக்குல ஒரு அலமாரி அடிச்சுத் தாரேன்."

ஒன்பது வருடமாகத் தருகிறார். ஒரு லீவு கோயில் கொடைத் திருவிழாவில் போயிற்று. ஒரு லீவு தங்கை கல்யாணத்தில் போயிற்று. மற்ற லீவுகள் எல்லாம் தூக்கத்தில் போயின. பாவம், எல்லையில் தூக்கம் கிடையாதாம்.

ஆகவே தேக்கு வரும் வரைக்கும் அட்டை என்று மாரிக்கனி தீர்மானித்தாள். அட்டையைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் பன்னிரண்டு வருடமாக அவள் பெட்டியோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகள் ஏழு அடுக்கு அட்டையில் வரும். ஆள் ஏறி நின்றாலும் அமுங்காது. ஐப்பசியில் ஒரு லோடு பெட்டியில் எழுத்தெல்லாம் தலைகீழாக அச்சாகி வந்துவிட்டது. "இந்தப் பக்கம் மேலே" என்கிற அம்புக்குறி பூமியைக் காட்டியது. சூப்பர்வைசர் சிவனாண்டி, "வேணுங்கதை எடுத்துட்டுப் போங்க, எங்கண்ணுல படாம இருந்தாச் சரி" என்றார்.

அவள் பத்துப் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ்தான். ஆனாலும் கண்டக்டர் பெரிய சட்ட மேதை.

"உனக்கு டிக்கெட் இல்லம்மா. அட்டைக்கு உண்டு. அட்டை என்ன பொம்பளையா?"

"பன்னெண்டு வருசமா பொம்பளைதான ஒட்டுதோம்ணே. பொம்பளைன்னே வச்சுக்கோங்க."

பஸ்ஸே சிரித்தது. அட்டை இலவசமாகவே ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தது.

வேலை இரண்டு ஞாயிறு பிடித்தது. அட்டைக்கு நடுவில் வரிவரியாக மடிப்பு ஓடும். அந்த மடிப்பு நெட்டுக்கு நின்றால் பாரம் தாங்கும். படுத்துக் கிடந்தால் பாரத்தோடு சேர்ந்து அலமாரியும் படுத்துவிடும். ஊரில் அட்டையில் அலமாரி செய்து, மூன்றாம் நாள் பருப்பு டப்பாவைத் தரையில் பொறுக்குகிறவர்கள் எல்லாம் இந்த இடத்தில் கோட்டை விட்டவர்கள்தான். மாரிக்கனி பக்கவாட்டுக்கு மடிப்பை நிறுத்தினாள். தட்டுகளுக்கு மூன்று அட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி, காயும்வரை மேலே அரிசி மூட்டையை ஏற்றினாள். மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சி, கரப்பானும் எறும்பும் வாய் வைக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலந்தாள். மூலைகள் விட்டுக்கொடுக்கும் என்று தெரியும். அதற்கும் அவளிடம் மருந்து இருந்தது. கம்பெனியில் கழித்துப்போட்ட, புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியைப் பசையில் முக்கி, கால் முறிந்தவனுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி ஒவ்வொரு மூலையையும் சுற்றி இறுக்கினாள்.

"எம்மா, இதுக்கு எப்பக் கட்டுப் பிரிப்பாங்க?" என்றாள் லிங்கேஸ்வரி.

வீடு கழுவுகிற தண்ணீர் படாமல் இருக்க அடியில் நாலு செங்கல். விழாமல் நிற்க ஒரு மூலை பார்த்து, கீழ்த்தட்டு அகலமாக, மேலே போகப் போகக் குறுகலாக ஐந்து தட்டு. கடைசியில் முகப்பு முழுக்க, கடையில் வாங்கிய மர டிசைன் ஸ்டிக்கர். ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் தேக்கு. கிட்டே வந்தால் ஸ்டிக்கர். மூக்கை வைத்துப் பார்த்தால் எலும்பு முறிவு வார்டு. மேல் தட்டு இரண்டும் புத்தகத்துக்கு. சாக்கு ஒழிந்தது. அரையாண்டில் லிங்கேஸ்வரி இயற்பியலில் தேறிவிட்டாள். மாரிக்கனி அன்றைக்கு அலமாரியை ஈரம் படாத துணியால் மூன்று தடவை துடைத்தாள்.

வெள்ளத்தாய் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு வருவார். கறிவேப்பிலை மாரிக்கனிக்கு, கண் சுவருக்கு. அலமாரியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"எத்தன ஆணி அடிச்ச?"

"ஒண்ணுகூட இல்ல பெரியம்மா."

அவர் நம்பவில்லை. பின்பக்கம் கையை விட்டு மேலிருந்து கீழ்வரை சுவரைத் தடவினார். டார்ச் அடித்துப் பார்த்தார். செங்கல்லுக்கு அடியில்கூடப் பார்த்தார். ஆணி இல்லை என்று உறுதியானதும் அவருக்கு நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகமாகத் தெரிந்தது. பிறகு இரண்டடி பின்னால் போனார். மூன்றடி போனார். ஐந்தடிக்குப் போனதும் அவர் பார்வை மாறியது. மடியிலிருந்து போனை எடுத்துப் படம் பிடித்தார்.

மாரிக்கனி பூரித்துப் போனாள். இரண்டு வருடத்தில் இந்த அம்மா பாராட்டுகிற மாதிரி இதுதானே முதல் தடவை என்று நினைத்தாள். அவ்வளவு வெகுளி.

பத்தே நாளில் அந்தப் படம் வீட்டுத் தரகர் ராக்கப்பனின் போனிலிருந்து ஊர் சுற்றத் தொடங்கியது. 'மர அலமாரி வசதியுடன் வீடு, பள்ளிக்கூடம் அருகில்.' மார்கழி பிறந்த மறுநாள் வெள்ளத்தாய் கறிவேப்பிலை இல்லாமல் வந்தார்.

"ஏட்டி மாரிக்கனி, பேங்குல வேல பாக்க தம்பி ஒருத்தர் திண்டுக்கல்லுல இருந்து மாத்தலாகி வாரார். வாடகை கூடத் தாராராம். தை பொறந்ததும் நீ காலி பண்ணிக் குடுத்துரு."

"பெரியம்மா, பங்குனியில பிள்ளைக்குப் பரீட்ச. மூணு மாசம் மட்டும் பொறுத்துக்கோங்க."

"மம்சாபுரம் என்ன மலேசியாலயா இருக்கு? பஸ்ஸுதான் ஓடுதே."

கூடுதல் வாடகை எதற்கென்றால் அலமாரிக்கு. அலமாரி செய்தவள் வெளியே போக வேண்டும், அலமாரி இருக்கும். தன் கையால் மைதா காய்ச்சித் தன் பிள்ளையின் படிப்பை மம்சாபுரத்துக்கு அனுப்பிய பெருமை மாரிக்கனிக்குக் கிடைத்தது. எல்லையில் இருந்தவரிடம் அழுதாள். "பொறுத்துக்க கனி, லீவுல வந்து பேசுதேன்" என்றார் அவர்.

அழுது முடித்தபின் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பேங்குக்காரர் மரம் என்று நம்பித்தானே வருகிறார்? அட்டை என்று சொல்லிவிட்டால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். பரீட்சை முடியும்வரை வருகிறவர்களிடம் எல்லாம் உண்மையைச் சொல்லியே ஓட்டிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராக்கப்பன் அவர்களை அழைத்து வந்தார். பேங்குக்காரர் முகமது ரியாஸ். அவர் மனைவி அசீனா. வெள்ளத்தாய் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மாரிக்கனி முந்திக்கொண்டாள்.

"இது மரம் இல்லங்க. அட்டை. நாந்தான் பசை போட்டு ஒட்டுனேன்."

வெள்ளத்தாய் பார்த்த பார்வையில் அட்டை பற்றிக்கொள்ளாதது மயில்துத்தத்தின் புண்ணியம். அசீனா அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தட்டிப் பார்த்தாள். மூலையில் இருந்த காஸ் கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அட்டையா? நெஜமாவா? என்னங்க, இங்க வந்து பாருங்களேன், பேண்டேஜ் துணி! எங்கக்கா கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?"

போனை எடுத்து வீடியோவே பிடிக்க ஆரம்பித்துவிட்டாள். உண்மையைச் சொல்லி ஒருவரை ஓட்ட நினைத்தால், உண்மையை ரசிக்கிறவராக வந்து வாய்த்தார்.

"எனக்கு இந்த வீடுதான் வேணும்ங்க," என்றாள் கணவரிடம். பிறகு மாரிக்கனியைப் பார்த்துத் தயங்கி, "நீங்க இதை எடுத்துட்டுப் போயிருவீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"எப்படி எடுப்பா? செவத்தோட சேந்தது எல்லாம் வீட்டோட சேந்தது," என்றார் வெள்ளத்தாய்.

"செவத்தோட எங்க பெரியம்மா சேந்துச்சு? ஒரு ஆணிகூட அடிக்கலையே."

வெள்ளத்தாயின் காதில் அது விழவில்லை. ரியாஸ் நடுச்சுவரின் முன்னால் நின்று கையால் அளந்துகொண்டிருந்தார்.

"டிவியை இந்தச் சுவர்லதாங்க மாட்டணும். பெரிய டிவி. டிரில் போட்டு நாலு ஓட்டை போட்டாப் போதும்."

மாரிக்கனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சுவரா! மறுபக்கம் ஏட்டையாவின் நாற்காலி இருக்கிற சுவர். ஒரு ஆணிக்கே ஆஸ்பத்திரி. நாலு ஓட்டைக்கு வெள்ளத்தாய் இவர்களைத் தெருமுனை வரை துரத்திக்கொண்டு போவார். அவள் மனதுக்குள் மூட்டைகளைத் திரும்பப் பிரிக்கத் தொடங்கினாள்.

வெள்ளத்தாய் சுவரைப் பார்த்தார். ரியாஸின் சட்டைப் பையைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"ஆணிதான் தம்பி அடிக்கப்படாது," என்றார் மெதுவாக. "டிரில்லுன்னா அடிக்கதில்லையே. சுத்தத்தான செய்யும்?"

மூன்று வருடச் சாத்திரம் ஒரே வாக்கியத்தில் திருத்தி எழுதப்பட்டது. மாரிக்கனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்போதுதான் வாசலில் ஏட்டையா நிற்பதைப் பார்த்தாள். டிரில் என்ற சொல் கேட்டு எழுந்து வந்திருந்தார். தலை பாதி சீவியபடி இருந்தது. விறுவிறுவென்று திரும்பிப் போனார். மோட்டார் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வரும்போது ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் துருப்பிடித்த நாலு அங்குல ஆணி.

"ஏங்க, என்ன இது?" என்றார் வெள்ளத்தாய்.

"வெள்ளத்தாயி, நீ சொன்னேன்னு மூணு வருசமா குத்தவச்சுத் தலை சீவுதேன். எங்கய்யா படத்தத் தரையில சாத்தி வச்சிருக்கேன். கூட வேல பாத்தவனெல்லாம் சிரிச்சான். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான், எம் பொண்டாட்டிக்கு எம்மேல அம்புட்டு உசுருன்னு பெருமையா நெனச்சுக்கிட்டேன்." ஆணியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "இப்ப டிரில்லு சுத்தத்தான செய்யுமோ?"

அவர் நடுச்சுவருக்குப் போய் ஆணியை வைத்தார்.

"நானே அடிச்சுப் பாக்கேன். செத்தா நீ சொன்னது நெசம். சாவலன்னா அந்தத் தம்பி டிவிய மாட்டட்டும்."

சுத்தியலை ஓங்கினார். பட்டுப் புடவை காலைத் தடுக்க வெள்ளத்தாய் ஓடி வந்து, ஆணியைத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துச் சுவரோடு அழுத்திக்கொண்டார்.

"எங்கையில அடிங்க! செவத்துல அடிக்காதிய! எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு, எங்கையிலயே அடிங்க!"

நடிப்பில்லை அது. ஆணி இறங்கினால் மனிதர் போய்விடுவார் என்று அந்த அம்மா உண்மையிலேயே நம்பினார். வாடகை ஆசையில் ஒரு நிமிடம் அதை மறந்திருக்கிறார், அவ்வளவுதான். மாரிக்கனிக்கு முகம் சுட்டது. பஸ்ஸில் நெஞ்சில் கையை வைத்து இதைத்தானே நடித்துக் காட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. தன் உயிருக்காக ஒருவர் மூன்று வருடம் சுவரை வெறுமையாக வைத்திருப்பாரா என்றும் யோசித்துப் பார்த்தாள். வந்த பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளத்தாய் கையை எடுக்காமலே ரியாஸ் பக்கம் திரும்பினார்.

"வீடு காலி இல்ல தம்பி. இந்தப் பிள்ளைக்குப் பங்குனியில பரீட்ச இருக்கு."

ஏதோ ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர் போலச் சொன்னார். அசீனா கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஏட்டையாவின் கை இன்னும் இறங்கவில்லை. மாரிக்கனி போய்ச் சுத்தியலையும் ஆணியையும் வாங்கிக்கொண்டாள்.

"ஏட்டி, அத உஞ் செல்ஃபுல மேல வையி. அவியளுக்கு எட்டாத எடத்துல," என்றார் வெள்ளத்தாய்.

லிங்கேஸ்வரி இயற்பியல் புத்தகத்தைத் தள்ளி இடம் கொடுத்தாள். ஏட்டையா தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். மறுபக்கம் நாற்காலி கிறீச்சிட்டு அவர் உட்கார்ந்தது கேட்கும்வரை, வெள்ளத்தாய் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.